ஒன்றரை லட்சம் அட்வான்ஸும் ஒரு கார் பார்க்கிங்கும்

சென்னை மடிப்பாக்கத்தில் ஒன்றரை வருஷம் குடியிருந்துவிட்டு, 2025 ஆனிக் கடைசியில் காலி செய்தோம். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றிருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

கார் நிறுத்துகிற ஸ்டில்ட் தளத்துக்கு மேல் மூன்று மாடி, மொத்தம் ஒன்பது வீடு. எங்களுடையது முதல் மாடியில் இரண்டு பெட்ரூம். வாடகை 24,000, மெயின்டனன்ஸ் 2,500, அட்வான்ஸ் 1,50,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு 19,000-க்குக் கிடைக்கிறதே என்று கேட்டதற்கு, "மெட்ரோ வருதுல்ல சார்" என்றார் ஹவுஸ் ஓனர். பொய்யில்லை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற பாதை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகத்தான் போடுகிறார்கள். ஆனால் நாங்கள் குடிபோனபோது வந்திருந்தது தூசியும் தகரத் தடுப்பும்தான். வராத ரயிலுக்கு மாசாமாசம் டிக்கெட் எடுத்தோம்.

ஒப்பந்தத்தில் 'ஒரு கார் பார்க்கிங் உண்டு' என்று எழுதியிருந்தது. பால் காய்ச்சிய மறுநாள் காலையில் காலிங் பெல். மேல்வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர், நெற்றியில் பளிச்சென்று விபூதி.

"தம்பி, கீழ நிக்கிற வண்டி உங்களுதா? எடுத்துடுங்க. அது என் இடம்."

"சார், அக்ரிமென்ட்ல இருக்கே?"

"அக்ரிமென்ட் உங்களுக்கும் உங்க ஓனருக்கும். எனக்குத் தெரியாது."

அவருக்கு இரண்டு கார். ஒன்று ஓடும். இன்னொன்று சாம்பல் நிறக் கவருக்குள் நிற்கும். நான்கு டயரும் தரையோடு தரை, அடியில் பூனை குட்டி போட்டிருந்தது. ஓனருக்குப் போன் செய்தேன். "அவரு அசோசியேஷன் செகரட்டரி சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." சென்னையில் வாடகைக்கு இருப்பவன் காதில் 'வாடகை'யை விட அதிகமாக விழுகிற சொல் இந்த அட்ஜஸ்ட்தான். காரைத் தெருவில் வேப்பமரத்தடியில் போட ஆரம்பித்தேன்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததே, அன்றைக்கு ராத்திரி வேளச்சேரிப் பாலத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மறக்காது. பாலத்தோரம் வரிசையாகக் கார்கள். ஒரு இடம் பார்த்து நிறுத்திவிட்டுத் திரும்பினால், பின்னாலேயே வந்து நிறுத்துகிறார் செகரட்டரி. குடை ஒன்றுதான், அவரிடம் இருந்தது. இரண்டு பேரும் அதில் ஒண்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்கப் பேசினார். ஏரி இருந்த இடம், மாடு மேய்ந்த இடம் எல்லாம் காட்டினார். இறங்கியதும் ஆட்டோ காசில் பாதியைச் சில்லறையோடு எண்ணிக் கொடுத்தார். இனி சுமுகம்தான் என்று வீட்டில் சொன்னேன். மறுநாள் எட்டு மணிக்கு அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் எங்கள் செருப்பு ஸ்டாண்டின் போட்டோ: 'பொது வழியில் ஆக்கிரமிப்பு. உடனே அகற்றவும்.'

பார்க்கிங் கூடப் பரவாயில்லை. தண்ணீர்தான் கழுத்தை அறுத்தது. ஏப்ரல் வந்தால் போர் தண்ணீர் மஞ்சளாக வரும், பிறகு அதுவும் வராது. லாரித் தண்ணீர் வாங்கி சம்ப் தொட்டியில் இறக்கி, செலவை ஒன்பதாக வகுப்போம். அந்தத் தண்ணீரில் செகரட்டரி ஹோஸ் பிடித்து காரைக் கழுவுவார். ஓடாத காரின் கவரையும் கழுவுவார். 'லாரி தண்ணி வாங்கும்போது மட்டும் ஹோஸ் வேண்டாமே' என்று குரூப்பில் போட்டேன். 'வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஓனர் மூலமாகத் தெரிவிக்கவும்' என்று பதில். சாயங்காலம் பார்த்தால் குரூப்பில் நான் இல்லை. அதற்கப்புறம் லாரி எப்போது வரும், மோட்டார் எப்போது போடுவார்கள், எதுவும் தெரியாது. ஒருநாள் தலையில் சோப்பு நுரையோடு நின்று, கேன் தண்ணீரில் குளித்து ஆபீஸ் போனேன்.

ஏன் சண்டை போடவில்லை என்று கேட்பீர்கள். ஒன்றரை லட்சம் அங்கே மாட்டிக்கொண்டிருந்தது. அசோசியேஷனோடு மோதினால் ஓனருக்குத் தலைவலி, ஓனருக்குத் தலைவலி என்றால் என் அட்வான்ஸுக்குக் காய்ச்சல். சட்டம் இருக்கிறது, தெரியும். 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் அந்த மூன்று மாசக் கணக்குக்கு முன்னால் 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வால் இருக்கிறது. ஆறு மாசத்துக்கு மேலான தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நானேதான். பதிவு பற்றிக் கேட்டபோது ஓனர் சிரித்துக்கொண்டே, "அப்ப வேற வீடு பாத்துக்குங்க சார்" என்றார்.

வைகாசியிலேயே நோட்டீஸ் கொடுத்தும், சாவி வாங்கும்போது புது ராகம் பாடினார். "ஆடி பொறக்குது. எவன் சார் குடிவருவான்? ஆவணியில ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்குத் தரேன்." என் பணம் அவர் கையில் இல்லவே இல்லை, அடுத்தவன் பணம் வந்தால்தான் என் பணம். ஆவணியில் வந்தது 1,21,000. பெயின்டிங் 24,000, பாத்ரூம் குழாய் 3,500, 'சில்லறை ரிப்பேர்' 1,500. நான் ஆணி அடித்தது ஒரே ஒரு காலண்டருக்கு.

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

*

குரோம்பேட்டையிலிருந்து:

எங்களது தனி வீட்டில் மாடி போர்ஷன். ஓனரம்மா கீழே. வீடு பார்க்கப் போனபோதே "நீங்க சைவம்தானே?" என்றார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "ஆமாங்கம்மா" என்றுவிட்டார், பாவி. அவர் மூன்று வேளையும் மீன் சாப்பிட்டு வளர்ந்த தூத்துக்குடிக்காரர். ரெண்டு வருஷம் முட்டை ஓட்டைக் காகிதத்தில் சுற்றி ஹேண்ட்பேகில் வைத்துப் பல்லாவரம் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒருநாள் மறந்து, ஆபீசில் பேனா எடுக்கக் கையை விட்டு... வேண்டாம், விடுங்கள்.

இதைவிட எரிச்சல் கரண்ட் பில். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுக்கிறதே, அது கரண்ட் கார்டில் பேர் இருக்கிற ஓனரம்மாவுக்கு. எனக்கு முதல் யூனிட்டே பத்து ரூபாய்.

*

பெரம்பூரிலிருந்து:

எல்லாரும் ஓனரைத் திட்டுகிறீர்கள். நான் ஓனர். ஒரே வீடு, லோன் இன்னும் முடியவில்லை. போன தடவை இருந்தவர் அஞ்சு மாசம் வாடகை தராமல், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். மூணு மாச அட்வான்ஸ்தான் வாங்கியிருந்தேன். கிச்சன் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு சுரண்டி எடுக்கவே ரெண்டு நாள் ஆனது. பெயின்டிங் பிடிப்பது அநியாயம் என்கிறவர்கள் அந்தச் சுவரை வந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் அட்வான்ஸை ஆவணி வரை இழுத்ததை நானும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

*

திருவல்லிக்கேணியிலிருந்து:

கிச்சன் சுவர், பார்க்கிங், ஹோஸ் எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. நான் பேச்சிலர்கள் தங்குகிற மேன்ஷனில் இருக்கிறேன். என் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பக்கெட் அகலம். அந்த பக்கெட்டும் அவருடையது.

*

மடிப்பாக்கத்துக்காரன்:

பெரம்பூர் சார், உங்கள் மாதிரி ஓனர் கிடைத்தால் பெயின்டிங்குக்கு நானே பிரஷ் பிடிப்பேன்.

போன வாரம் பழைய வீட்டுப் பக்கம் போயிருந்தேன், கேஸ் புக் அங்கே விட்டுப்போயிருந்தது. புதுசாக வந்தவரின் கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அவருக்கு வாடகை 27,000 என்றார் வாட்ச்மேன் அண்ணன். பூனை மறுபடி குட்டி போட்டிருக்கிறது.

இப்போது நங்கநல்லூரில் இருக்கிறோம். பார்க்கிங் உண்டு, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு மட்டும் எங்கள் தலைக்கு நேர் மேலே மாவு கிரைண்டர் ஓடும், ஆறு மணி வரை. போய்ச் சொல்லேன் என்கிறாள் மனைவி. சொல்லலாம்தான். இங்கே அட்வான்ஸ் இரண்டு லட்சம்.