ஜிதான் முட்டியதால்தான் கோப்பை போனதா?

ஓ.டி. ஸ்ட்ரைக்கர்: 2006 உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தை, அதான் பிரான்சும் இத்தாலியும் மோதியதை, நேற்று மறுபடி பார்த்தேன். 110-வது நிமிடத்தில் இத்தாலி வீரர் மாட்டராசியின் நெஞ்சில் தலையால் முட்டி, சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு போனவரை ஜாம்பவான் என்கிறீர்கள். பிரான்சின் கோப்பையைத் தொலைத்தவரே ஜிடேன்தான்.

முத்தியால்பேட்டை 10: முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள் தம்பி, ஜிதான். டைபிரேக்கர் பெனால்டியில் பந்தைக் கிராஸ்பாரில், கோலின் மேல்கம்பியில், அடித்தது யார்? பிரான்சின் திரெசெகே. ஜிதான் அப்போது மைதானத்திலேயே இல்லை.

ஓ.டி. ஸ்ட்ரைக்கர்: மைதானத்தில் இல்லாமல் போனார் என்பதுதானே என் புகாரே! பிரான்சின் ஹென்றியும் ரிபெரியும் ஏற்கெனவே மாற்றப்பட்டு வெளியே. பெனால்டி அடிக்க இவராவது இருக்க வேண்டாமா?

குருசுக்குப்பம் விங்கர்: திரெசெகேயை இழுக்காதீர்கள். 2000 யூரோ இறுதியில் இதே இத்தாலிக்கு எதிராகக் கோல்டன் கோல், அதாவது கூடுதல் நேரத்தில் அடித்ததுமே ஆட்டத்தை முடிக்கும் கோல், அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர். ஒரே ஒரு ஷாட்டுக்காக அவரைத் திட்டுவது நன்றிகெட்டதனம்.

முத்தியால்பேட்டை 10: நான் திட்டவில்லை, கேட்கிறேன். கிராஸ்பாரில் அடித்தது யார்?

நெல்லிக்குப்பத்தான்: ஜாம்பவான் என்றால் கோப்பைக் கணக்கா, ஆட்டத்தின் அழகா? அதை முதலில் பேசி முடியுங்களேன்.

முத்தியால்பேட்டை 10: அதெல்லாம் அப்புறம். 1998 இறுதியாட்டம் நடந்தபோது நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டு டிவி முன்னால் நாற்பது பேர். எதிரில் பிரேசில். முதல் பாதியிலேயே இரண்டு கார்னர், ஜிதானின் தலையில் பட்டு இரண்டும் கோல். புதுச்சேரியிலிருந்து போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் தாத்தா எழுந்து நின்று அழுதார். 3-0. அல்ஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில், மார்செய் குடியிருப்பில் வளர்ந்த பையன் அவர். அவரைப் போய் ஒரு அட்டையை வைத்து அளக்கிறீர்கள்.

ஓ.டி. ஸ்ட்ரைக்கர்: ஒரு அட்டையா? அதே 1998-ல் சவுதி வீரரை மிதித்து இரண்டு ஆட்டம் தடை வாங்கினாரே! அவர் இல்லாமல் பராகுவேயிடம் கூடுதல் நேரம் வரை பிரான்ஸ் திணறியது. உங்கள் தாத்தாவின் பிரெஞ்சு பென்ஷன் பாசத்தில் இதெல்லாம் கண்ணில் படாது.

முத்தியால்பேட்டை 10: தாத்தாவைப் பற்றிப் பேசாதீர்கள். போன பொங்கல் போட்டியில் உங்கள் கடலூர் அணி டிஃபெண்டர் எங்கள் பையனின் பல்லை முழங்கையால் உடைத்தபோது ‘ஆட்டத்தில் சகஜம்’ என்றது நீங்கள்தானே? கடலூர்க்காரர் இடித்தால் சகஜம், ஜிதான் முட்டினால் குற்றமா?

ஓ.டி. ஸ்ட்ரைக்கர்: அது தெரியாமல் பட்டது. ரெஃப்ரி ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை.

குருசுக்குப்பம் விங்கர்: நான் பக்கத்தில்தான் நின்றேன். தெரிந்தேதான் இடித்தான்.

ஓ.டி. ஸ்ட்ரைக்கர்: நீங்கள் அன்றைக்கு இடைவேளைக்கு அப்புறம்தானே வந்தீர்கள்!

முத்தியால்பேட்டை 10: பேச்சை மாற்றாதீர்கள். அந்த 2006 இறுதியில் ஏழாவது நிமிடமே, இத்தாலி கோல்கீப்பர் புஃபோன் ஒரு பக்கம் பாய, பெனால்டியை மெதுவாகத் தூக்கிப் போட்டு கோல் அடித்தவர் ஜிதான். கிராஸ்பாரில் அடித்து வெளியே விட்டது யார்? பெயரைச் சொல்லுங்கள்.

ஓ.டி. ஸ்ட்ரைக்கர்: 110-வது நிமிடம். அதற்குப் பதில் சொல்லுங்கள்.