புதுப்பிப்பு: நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்ற பயம், இரவு ஜெபம்

கர்ப்பத்தின் 20-ஆவது வார ஸ்கேனில் நஞ்சு (வயிற்றில் குழந்தைக்கு உணவு தரும் நஞ்சுக்கொடி) கீழே, கருப்பை வாய்க்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னதிலிருந்து தூக்கமில்லை, எப்படி ஜெபிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

எனக்கு உதவியது, "மரியாள் எலிசபெத்திடம் போனதுபோல நீயும் ஒருவரிடம் போ" என்று ஓர் அக்கா எழுதியது. பைபிளில் லூக்கா முதல் அதிகாரத்தில், கர்ப்பமாயிருந்த மரியாள் தன் உறவினரான எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். நான் அத்தை வீட்டுக்குப் போனேன். தினமும் இரவு அவர் 139-ஆம் சங்கீதம் வாசிப்பார், நான் வயிற்றில் கைவைத்துக் கேட்பேன். "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். அவருக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் சொன்னபடி பாரம் தூக்கவில்லை. 32-ஆவது வாரத்தில் நஞ்சு மேலே ஏறியிருந்தது, பெரும்பாலோருக்கு ஏறிவிடுமாம். ஆனால் எனக்குத் தூக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. சுகப்பிரசவம், பெண் குழந்தை. முதலில் அத்தை கையில்தான் கொடுத்தோம்.