பெயிட்காஸ்டருக்கு எத்தனை பவுண்டு பிரெய்டு? உங்கள் கையில் பட்டதைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை:

பிரெய்டு என்கிற பின்னல் தூண்டில் நூல் வாங்கினேன். டப்பாவில் 20 பவுண்டு பாரம் தாங்கும் என்று போட்டிருந்தது. அதாவது 9 கிலோ. நம்ம ஏரியில் விரால் ரெண்டு கிலோ தாண்டினாலே ஊரைக் கூட்டிக் காட்டுவோம். ரெண்டு கிலோ மீனுக்கு ஒன்பது கிலோ நூல், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

ஸ்பின்னிங் ரீலில் அதே நூலை ரெண்டு வருஷம் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. பெயிட்காஸ்டர் என்கிற இன்னொரு வகை ரீல் வாங்கியதும் அதையே பிரித்து இதில் சுற்றிவிட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரி. கரையோரம் முழுக்கத் தாமரை, அதைத் தாண்டினால் ஆகாயத்தாமரை. ரப்பர் தவளையைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் பறந்தது. அப்புறம் தவளை ஒரு தாமரைத் தண்டில் மாட்டிக்கொண்டது. ஸ்பூலை, அதாவது நூல் சுற்றிய உருளையை, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாலு இழுப்பு, பலமாக. தண்டு பிய்ந்து தவளை வந்துவிட்டது. சந்தோஷமாக அடுத்த வீச்சு வீசினேன். பாதி தூரத்தில் ரீல் சட்டென்று நின்றது. டப்பென்று ஒரு சத்தம். நூல் என் காலடியில் தொய்ந்து விழுந்தது. தவளை மட்டும் தன் பாட்டுக்குப் போய் ஆகாயத்தாமரைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். "அண்ணே, இப்படித்தான் எறியணும்னா நூலு எதுக்கு?" என்றான்.

வீட்டுக்கு வந்து ஸ்பூலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 20 பவுண்டு பிரெய்டின் தடிமன் 0.23 மில்லிமீட்டர்தான். நான் இழுத்த இழுப்பில் மேல் சுற்று, கீழ்ச் சுற்றுகளின் இடையே ஆப்பு மாதிரி இறங்கியிருக்கிறது. அடுத்த வீச்சில் நூல் அந்த இடம்வரை ஓடிவந்து அங்கேயே பூட்டிக்கொண்டது. ஸ்பின்னிங்கில் வீசும்போது ஸ்பூல் சும்மா நிற்கும், நூல் அதன் விளிம்பு வழியாக உதிர்ந்து போகும். பெயிட்காஸ்டரில் ஸ்பூலே சுழல வேண்டும். அது திடீரென்று நின்றால் பறக்கிற தவளையின் வேகம் முழுவதும் முடிச்சின் தலையில் விழும். முடிச்சும் நான் தங்கூசுக்கு, அதாவது ஒற்றை இழை நைலான் நூலுக்கு, போட்டுப் பழகிய கிளிஞ்ச் முடிச்சு. பிரெய்டு வழுவழுப்பில் அது உருவிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது பாலோமர் முடிச்சு மட்டும்தான் போடுகிறேன்.

உங்களுக்கெல்லாம் என்ன நடந்தது? வெறும் எண்ணைச் சொல்லாதீர்கள், எதை உடைத்து அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

தங்கூஸ்:

தம்பி, நான் இன்னும் தங்கூசுதான். 15 பவுண்டு. திறந்த தண்ணீர்ல மூணு கொக்கி முள் மாட்டின லூர், அதான் போலி இரை, போடுறவனுக்குப் பிரெய்டு எதுக்கு? அதுல இழுவையே கிடையாது. மீன் பக்கத்துல வந்து தலையை உதறினா முள்ளு பிஞ்சுக்கிட்டு வந்துரும். தங்கூஸ் கொஞ்சம் இழுத்துக் குடுக்கும், மீன் நிக்கும். ஆனா நீங்க சொல்ற தாமரைக் காட்டுக்குள்ள நான் வரமாட்டேன், அதையும் ஒத்துக்குறேன்.

கழிமுகம்:

பெரியவர் சொல்வது சரி, ஆனால் அது ஏரிக்கரை கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. 😀

என் கதை பழவேற்காடு. கொடுவா மீனுக்காகப் போவேன். முதலில் 40 பவுண்டு போட்டிருந்தேன். கல் தூணோரம் ஒரு நல்ல மீன் அடித்து, தூணைச் சுற்றி ஓடியது. ராடில் பாரம் இருந்தது, இருந்தது, திடீரென்று ஒன்றுமில்லை. நூலைச் சுற்றிப் பார்த்தால் பிளேடால் அறுத்த மாதிரி முனை. நான் என்ன செய்தேன்? 40 போதவில்லை என்று 65 வாங்கினேன்! அடுத்த வாரம் அதே தூண், அதே அறுப்பு. தூண் முழுக்க ஆளி ஒட்டியிருக்கிறது. பிரெய்டு என்பது மெல்லிய பாலிஎதிலீன் இழைகளின் பின்னல். நேராக இழுத்தால் யானைப் பலம், கூரான ஓட்டில் உரசினால் இழை இழையாகப் போய்விடும். 65-ம் போகும், 80-ம் போகும். அங்கே வேண்டியது தடித்த பிரெய்டு இல்லை, லீடர், அதாவது பிரெய்டின் முனையில் கட்டுகிற உரசல் தாங்கும் துண்டு நூல்.

இதற்கு நடுவே 65 போட்டதால் வேறு நஷ்டம். கடல் காற்றில் தடித்த நூல் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கிறது. முன்பு விழுந்த இடத்தில் லூர் விழவில்லை. நீரோட்டம் இருந்தால் நூல் வில்லாக வளைந்து லூரைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போகிறது.

இப்போது 40 பவுண்டு பிரெய்டு, முன்னால் 50 பவுண்டு ஃப்ளோரோகார்பன் ஒன்றரை முழம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் இது. பிரெய்டையும் லீடரையும் எஃப்.ஜி. முடிச்சால் சேர்க்கிறேன். ராடு வளையத்தில் தட்டாமல் போகும். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதமும் வீட்டம்மாவின் பொறுமையும் செலவானது. முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே! கூரான பல்லுள்ள சீலா மீன் அதிகமாகத் திரிகிற நாளில் ஃப்ளோரோவும் நிற்காது, கம்பி லீடர்தான்.

இன்னொன்று. வெட்டி எறிகிற துண்டுகளைத் தயவுசெய்து பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இது மக்காது. கரையோரப் பறவைகளின் காலில் சுற்றிக்கிடப்பதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

தோமான் பைத்தியம்:

வணக்கம், மலேசியாவிலிருந்து. எங்கள் தோமான் உங்கள் விராலின் பெரிய அண்ணன், ஒரே குடும்பம். பேராக்கில் தெமெங்கோர் ஏரிக்குப் போவோம். அணை கட்டியபோது காடு அப்படியே முழுகிய இடம், தண்ணீருக்கடியில் எங்கும் மரம்தான்.

என் முதல் பயணத்தில் ஏரிக்கரைக்கு நேர்மாறான தப்பைச் செய்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய எண், 80 பவுண்டு வாங்கினேன். டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நூலை வழுக்கவிடும் ரீலின் பிடியை, திருகி முழுசாகப் பூட்டினேன். தோமான் காற்று குடிக்க மேலே வந்து புரண்டது. தண்ணீரில் எழுந்த அந்த வளையத்தைத் தாண்டி வீசி இழுத்தேன். அடித்தது பாருங்கள், படகே திரும்பியது. நூல் அறவில்லை. அறுவதற்கு அது காரணமே இல்லையே, 36 கிலோ! லூரின் வளையம் விரிந்து முள் கழன்று போய்விட்டது. மறுநாள் கெட்டியான வளையம், கெட்டியான முள். இந்த முறை ராடு ஒடிந்தது. படகோட்டி மாமா சிரிக்கவே இல்லை. அதுதான் எனக்கு அதிக அவமானம்.

எங்கேயோ ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அது டிராக்காக இருந்தால் செலவில்லை. இப்போது கொக்கித் தராசை நூல் முனையில் மாட்டி இழுத்து, டிராக் 4 கிலோவில் வழுக்கும்படி வைக்கிறேன். நூல் 50 பவுண்டு. அந்த மரக்காட்டுக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம். ஒரு நண்பர் 65-க்குக் குறைந்து போடமாட்டார். இருவரும் ஒரே அளவு மீன்தான் பிடிக்கிறோம்.

பவுண்டு எழுத்தை நம்பி வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். எங்கள் கடைகளில் பி.ஈ. எண் பார்த்து வாங்குவோம். அது ஜப்பான்காரர்களின் அளவு. நூலின் தடிமனைச் சொல்கிறது, பலத்தைச் சொல்வதில்லை. பி.ஈ. 2 என்றால் 0.235 மில்லிமீட்டர், பி.ஈ. 3 என்றால் 0.285, பி.ஈ. 4 என்றால் 0.33. ஒரே பி.ஈ. 3-ஐ ஒரு கம்பெனி 30 பவுண்டு என்றும் இன்னொன்று 50 என்றும் விற்கும். ஸ்பூலில் புதைவதும் புதையாததும் தடிமனைப் பொறுத்தது. அதனால் பெயிட்காஸ்டரில் நான் முதலில் பார்ப்பது மில்லிமீட்டர். பி.ஈ. 3-க்குக் கீழே நான் போவதில்லை.

ஏரிக்கரை:

நான் ரெண்டாவது தடவை மாட்டியது வேறொரு விதத்தில். 20 போன பிறகு 50 பவுண்டு வாங்கினேன். நேராக ஸ்பூலில் கட்டி, நன்றாக இறுக்கிச் சுற்றினேன். விரால் அடித்தது. கைப்பிடியைச் சுற்றுகிறேன், நூல் வரவேயில்லை. டிராக் தளர்வு என்று நினைத்து இறுக்கினேன். அப்படியும் வரவில்லை. மீன் கோரைக்குள் போய் முள்ளைக் கழற்றிவிட்டுப் போய்விட்டது. அப்புறம் விரலை வைத்துப் பார்த்தால், உள்ளே ஸ்பூல் தனியாகச் சுற்றுகிறது, அதன்மேல் நூல் கட்டு மொத்தமும் கழன்ற வளையல் மாதிரி வழுக்குகிறது! பிரெய்டு உலோகத்தைக் கவ்விப் பிடிக்காதாம். இப்போது அடியில் பத்துப் பதினைந்து சுற்று தங்கூஸ் போட்டு, அதில் பிரெய்டை முடிந்திருக்கிறேன். தங்கூஸ் அண்ணே, உங்கள் சரக்கு என் ஸ்பூலிலும் இருக்கிறது.

தங்கூஸ்:

அதான் அஸ்திவாரம்.

புதுக்கை:

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். என் ராடில் 8–17 பவுண்டு என்று அச்சிட்டிருக்கிறது. நீங்கள் எல்லோரும் 40, 50 என்கிறீர்கள். போட்டால் ராடு போய்விடாதா? ரீலில் 12 பவுண்டு 100 மீட்டர் என்று இருக்கிறது. அதில் 50 பவுண்டு எவ்வளவு பிடிக்கும்?

கழிமுகம்:

ரெண்டாவது கேள்வி சுலபம். 50 பவுண்டு பிரெய்டு சுமார் 0.36 மில்லிமீட்டர், அது கிட்டத்தட்ட 12 பவுண்டு தங்கூசின் தடிமன். ஆகவே அதே 100 மீட்டர்தான். 30 பவுண்டு 0.28 மில்லிமீட்டர், அது 8 பவுண்டு தங்கூஸ் கனம், இன்னும் நிறையப் பிடிக்கும். 65 பவுண்டு 0.41. ஸ்பூல் சீக்கிரம் நிரம்பிவிடும். பவர்ப்ரோ என்கிற கம்பெனியின் டப்பாவில் போட்டிருக்கும் அளவுகள் இவை. எட்டு இழைப் பின்னல் என்றால் சில கம்பெனிகளில் இதைவிட மெல்லியதாகவும் வரும்.

ராடு விஷயம்: அந்த 17 பவுண்டு தங்கூசை மனதில் வைத்து எழுதியது. டிராக்கை 2, 3 கிலோவில் வைத்து மீனோடு மல்லுக்கட்டினால் 50 பவுண்டு நூலால் ராடுக்கு ஒரு கேடும் இல்லை. ராடு சாவது மீனால் இல்லை தம்பி, மாட்டிக்கொண்ட லூரை ராடைத் தூக்கித் தூக்கி இழுக்கும்போதுதான். 17 பவுண்டு தங்கூசாக இருந்தால் ராடு ஒடிவதற்குள் நூல் அறுந்து காப்பாற்றிவிடும். 50 பவுண்டு காப்பாற்றாது. மாட்டினால் ராடை நூலுக்கு நேராக நீட்டிப் பிடி, ஒரு குச்சியில் நூலைச் சுற்றி, பின்னால் நடந்து இழு.

தங்கூஸ்:

குச்சியில. கையில சுத்தாதே. என் கூட வந்த ஒருத்தர் உள்ளங்கையில சுத்தி இழுத்தார். ரெண்டு விரல் மடிப்புல வெள்ளையா உள்ள தெரிஞ்சுது. தையல் போட்டாங்க.

தோமான் பைத்தியம்:

குச்சியால் இழுத்துக் கழற்றியதும் இன்னொரு வேலை உண்டு. அந்த இழுப்பில் கொஞ்சமாவது புதைந்திருக்கும். உடனே வீசாதீர்கள். கையாலேயே இருபது முப்பது மீட்டர் உருவி எடுத்து, நூலை விரலிடுக்கில் அழுத்திப் பிடித்தபடி மறுபடி சுற்றுங்கள். நான் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு லூர் தனியாகப் பறந்ததே இல்லை.

புதுக்கை:

அப்படியானால் 30 போடவே கூடாதா? அதுதான் விலை குறைவாகக் கிடைக்கிறது.

ஏரிக்கரை:

போடலாம். செடி கொடி இல்லாத தண்ணீர், சின்ன லூர், நிதானமான டிராக் என்றால் 30 நன்றாகவே ஓடுகிறது, தூரமும் கூடுதல். என் ரெண்டாவது ரீலில் அதுதான். தாமரைக்குள் போட்டால் மீனோடு நாலு கிலோ பாசியும் சேர்ந்து வரும். விரால் ஒன்றரை கிலோ, அது சுருட்டிக்கொண்டு வருகிற கொடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் முதலில் போட்ட கணக்கில் விட்டுப்போனது அந்தப் பாசிதான். அதற்கு 50.

அப்புறம், செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அங்கே வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவலிருக்கும், கட்டாயம் அடிக்கும். 50 பவுண்டும் வேண்டாம், 5 பவுண்டும் வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்று வாரம் கழித்து, ஏரிக்கரை:

நேற்று அதே ஏரி. அந்தப் பையன் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்தான். டவுசர் பையிலிருந்து என் தவளையை எடுத்து நீட்டினான். ஆகாயத்தாமரை காற்றுக்குக் கரை ஒதுங்கியபோது அதோடு வந்ததாம். மூக்கில் என் கிளிஞ்ச் முடிச்சின் மிச்சம்கூட இல்லை, மொத்தமாக உருவிக்கொண்டு போயிருக்கிறது. 50 ரூபாய் கேட்டான். கொடுத்தேன். "ஒரு தடவ நான் வீசிப் பாக்கட்டாண்ணே?" என்றான். கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அவன் கல்லெறிகிற பழக்கத்தில் வீசினான், கட்டைவிரலை எடுத்தவன் எடுத்தபடியே நின்றான். தவளை தண்ணீரில் விழுந்த பிறகும் ஸ்பூல் சுழன்றுகொண்டே இருந்தது. ரீலுக்குள் நூல் சிக்கிக் குருவிக்கூடு.

ரெண்டு பேரும் கரையில் உட்கார்ந்து பிரித்தோம். இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் ஆடு ரெண்டு பக்கத்து வயலுக்குள் போய்விட்டது. 50 பவுண்டு கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் வளையம் வளையமாகக் கண்ணுக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றாக உருவ முடிந்தது. பழைய 20-ஆக இருந்திருந்தால் கத்திரிக்கோல்தான்.