கோட்ஸ் ஓடரில போதைச் சிகிச்சைக்குப் போன எங்கட ஆக்கள் - தெரிஞ்சதை எழுதுங்கோ

விசுவமடு சித்தி:
நானே துவங்கிறன். அக்காட மகள், 23 வயசு, கைக்குழந்தைக்காரி. ஐஸ் எண்டிற மெதம்பெட்டமின் போதைப்பொருளோட பிடிபட்டவள். பிடிச்சது மில்லிகிராம் கணக்குத்தான், ஆனா கோட்ஸ் வாசல்ல ஆரோ 5 கிராமுக்கு தூக்கு எண்டு சொல்லிப்போட்டினம், அக்கா அப்பிடியே மண்ணில குந்தீட்டா. பேந்து லோயர் தான் ஆறுதலா விளங்கப்படுத்தினவர், 2022 போதைப்பொருள் திருத்தச் சட்டத்தில 5 கிராமோ அதுக்கு மேலயோ எண்டா தான் ஆயுள் இல்லாட்டி தூக்கு, இவள் பாவிக்கிற ஆள், 2007ஆம் ஆண்டு 54ஆம் இலக்கச் சட்டம் எண்டு வேற ஒண்டு இருக்கு, அரசாங்க டொக்டர் பாத்து இவ போதைக்கு அடிமையான ஆள் எண்டு எழுதிக் குடுத்தா நீதவான் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம் எண்டு. அப்பிடித்தான் போனவள். உள்ளுக்க போய் இப்ப எட்டாவது மாசம்.

நான் சொல்ல வந்தது சட்டத்தை இல்ல. பெடியள் உள்ளுக்க இருந்தா தாய், மனிசி, தங்கச்சி எல்லாம் விடிய எழும்பி புட்டு அவிச்சுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுதுகள். பொம்பிளை உள்ளுக்க இருந்தா ஆர் போறது? இவளுக்கு நான் மட்டும் தான். அக்கா ஊருக்கு 'கொழும்பில கார்மென்ஸ்ல வேலை' எண்டு சொல்லி வச்சிருக்கிறா, அதால அவவும் வெளிக்கிட ஏலாது. புருசன்காரன் ஒரு நாள் எட்டிப் பாக்கேல்ல, பழக்கினதே அவன் தான். போன முறை போகேக்க கேட்டாள், 'சித்தி, பிள்ளை இப்ப ஆரை அம்மா எண்டுது?' எண்டு. நான் கதையை மாத்தீட்டன்.

பரந்தன் பெடியன்:
அக்கா நான் போய் வந்தவன், அதால சொல்லுறன். எனக்கு தூள், ஹெரோயின். முதல் மூண்டு நாலு நாள் தான் நரகம், கொட்டாவி, மூக்கால ஓடும், வயித்தைப் பிசையும், எலும்புக்குள்ள ஆரோ நிண்டு குத்திற மாதிரி. ஒரு கிழமையால சாப்பாடு இறங்கத் துவங்கீட்டு. பக்கத்துக் கட்டில்ல ஐஸ் பெடியன் ஒருத்தன், அவன் மாறி, ரெண்டு நாள் நித்திரை, எழும்பினா பசி, பேந்து ஒரே யோசினையும் அழுகையும். உடம்பு தேறினாப் பிறகு தான் எனக்குக் கஷ்டம் துவங்கினது. கவுன்சிலிங் முழுக்கச் சிங்களம். அந்த மனிசன் நல்லவர், உண்மையா நல்லவர், ஆனா ஆறு மாசமா 'ஹரி, ஹரி' (சரி, சரி) எண்டு தலை ஆட்டினது தான் நான் செஞ்சது. எந்த இடம் எண்டு கேக்காதேங்கோ. வெளியில வந்த அண்டைக்குப் பின்னேரமே சந்தியில பழைய கூட்டாளி மோட்டச்சைக்கிளோட நிக்கிறான்.

நேர்ஸ் ஒராள்:
தம்பி சொன்ன சந்தி தான் எங்களுக்கும் பயம். ஆறு மாசம் விட்டிட்டு வாற உடம்புக்கு பழைய தாக்குப்பிடிக்கிற தன்மை இருக்காது. முந்தி எடுத்த அளவு தூளைத் திரும்ப எடுத்தா மூச்சு நிண்டிடும். வந்த முதல் ரெண்டு மூண்டு கிழமை ஆளைத் தனிய விடாதேங்கோ. ஐஸுக்கு இதுதான் மருந்து எண்டு ஒரு குளிசை இல்லை, நித்திரை, சாப்பாடு, கதைக்க ஒரு ஆள், இவ்வளவும் தான், தற்கொலை எண்ணம் வாறதும் இருக்கு, அதைக் கவனியுங்கோ. கர்ப்பிணிப் பிள்ளை தூள் பாவிச்சா வெக்கப்பட்டு மறைக்காம மிட்வைப்பிட்ட சொல்லுங்கோ, டக்கெண்டு நிப்பாட்டினா வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து.

கொழும்புத் தம்பி:
எல்லாத்தையும் சுட்டுத் தள்ளோணும். வன்னி நாசமாப் போனதே இவையால.

விசுவமடு சித்தி:
தம்பி, நீங்கள் கொழும்பில இருந்து எழுதுறியள், நான் அவளுக்குத் தலை இழுத்துவிட்ட சித்தி. விடுங்கோ.

ரீச்சர் (முல்லைத்தீவு):
என்னட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன், 15 வயசு, பார்மசிக் குளிசை. நரம்பு நோவுக்குக் குடுக்கிற பிறகபலின். தகப்பன் இல்ல, தாய் தோட்டக் கூலி. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பாத்து அறிக்கை எழுதினவ, 1939இல வந்த சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம் தான் இப்பவும் இந்தப் பிள்ளையளுக்கு. நீதவான் தாயிட்டயே விட்டு, கிழமைக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வரச் சொன்னவர். நல்ல கட்டளை தான். ஆனா அந்தக் கிழமைக்கு ஒருக்கா எண்டிறது தாய்க்கு ஒரு நாள் கூலியும் ரெண்டு பேருக்கு பஸ் காசும். நாலாம் கிழமையோட நிண்டிட்டினம். பள்ளிக்கூடமும் சேர்க்கப் பின்னடிச்சது (எங்கட இல்ல, ஆனா எங்கடயும் பெரிசா வித்தியாசமில்ல). இப்ப மேசன் வேலைக்குப் போறான். கண்டா 'குட் மோர்னிங் ரீச்சர்' எண்டுறான், எனக்குத் தான் என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல.

நேர்ஸ் ஒராள்:
கோட்ஸுக்குப் போகாமலே உதவி கேக்கலாம், தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையிட 1927க்கு அடிச்சுப் பாருங்கோ. அவையிட தங்கி இருந்து எடுக்கிற நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ எண்டு எல்லாம் தெற்கால. போக்குவரத்துக்கு முதலே யோசிச்சு வையுங்கோ.

பரந்தன் பெடியன்:
சித்தி, அவ வரேக்க சொல்லுங்கோ. என்ர மனிசியும் கதைப்பா அவவோட. நான் விட்டு இப்ப 14 மாசம்.

விசுவமடு சித்தி:
சொல்லுறன் தம்பி. வாற ஞாயிறு பாக்கப் போறன், தருமபுரத்தில விடிய நாலரைக்கு வான், ரெண்டு சீட் சும்மா கிடக்கு. அந்தப் பக்கம் உங்கட பிள்ளையள் ஆரும் இருந்தா இன்பொக்ஸில சொல்லுங்கோ, காசு வேண்டாம்.