தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை: இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு உதவுமா?

ஒடுகத்தூர் அம்மா:
மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தையை ஸ்பெல்லிங்கோடும் தமிழ் அர்த்தத்தோடும் எழுதி வரச் சொல்கிறார்கள். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. நேற்று ஒரு படத்துக்குக் கீழே "தி பாய் இஸ் அண்டர் தி ட்ரீ" என்று இருந்தது. பாய், ட்ரீ இரண்டையும் டக்கென்று படித்தாள். மற்றதையெல்லாம் தாண்டிப் போய்விட்டாள். பத்து வார்த்தை மனப்பாடம் நல்லதுதானா, வேறு வழி பார்க்கலாமா?

பாலாறு72:
நல்லதுதான் மேடம், விட்டுவிடாதீர்கள். நான் குடியாத்தம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். டிக்டேஷனில் ஒரு எழுத்து பிசகினால் பத்து தடவை எழுத வேண்டும். அப்படி ஏறியதுதான் இன்றும் நிற்கிறது. பொருள்களின் பெயர் முதலில் வரட்டும். இஸ், வாஸ் எல்லாம் அப்புறம் தானாக வரும்.

லத்தேரி டியூஷன்:
தானாக வராது சார். பாப்பா எதைத் தாண்டினாள் பாருங்கள்: தி, இஸ், அண்டர். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936இல் சிறுவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தொகுத்து 220 சொல் பட்டியல் போட்டார். அதில் ஒரு பெயர்ச்சொல்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். தமிழில் "மரத்துக்கு அடியில்" என்கிறோம், மரம் முன்னால் வருகிறது. இங்கிலீஷில் அண்டர் முன்னால், மரம் பின்னால். "தி"க்குத் தமிழில் சொல்லே இல்லை. அர்த்த நோட்டில் அதற்கு எதிரே என்ன எழுதுவாள்?

பாலாறு72:
அந்தப் பட்டியலை நானும் பார்த்திருக்கிறேன். கூடவே 95 பெயர்ச்சொல் தனியாகக் கொடுத்திருப்பார். சாண்டா கிளாஸ் இருக்கிறார், ஸ்னோ இருக்கிறது, ராபின் பறவை இருக்கிறது. ரைஸ் இல்லை! வேலூர் வெயிலில் உட்கார்ந்து ஸ்னோ எழுதச் சொல்லலாமா?

லத்தேரி டியூஷன்:
சரி, அந்த 95ஐ நானும் தொடுவதில்லை. ரைஸ், மேங்கோ, கோட் (ஆடு) என்று நம் வீட்டுச் சொல்லாக வைத்துக்கொள்கிறேன். 220ஐயும் பட்டியலாக ஒப்பிக்க விடுவதில்லை. ஒரு டப்பா, நாலு புளியங்கொட்டை. இன், ஆன், அண்டர் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் வைக்க வேண்டும். பிறகு அவர்கள் சொல்ல நான் வைப்பேன். வேண்டுமென்றே தப்பாக வைத்தால் கத்துகிற கத்தலில் தெரு முழுக்கக் கேட்கும். ஒரு வாரத்துக்கு இந்த மூன்று சொல் போதும்.

காட்பாடி அப்பா:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்? ஒரு நாள் என் பையன் எழுந்ததிலிருந்து ஸ்கூல் வேன் ஏறும்வரை பேசியதைக் கவனித்தேன். பிரஷ், சோப், டவல், பெல்ட், டிபன் பாக்ஸ், சார்ஜர்... நாற்பதைத் தாண்டியது. இதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம். எழுத்து எழுத்தாக ஒலி பிரித்துப் படிக்கவும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

அணைக்கட்டு வாத்தியார்:
காட்பாடி நண்பர் சொல்வது நல்ல வழிதான், ஆனால் கண்ணிவெடி உண்டு. கரண்ட் என்றால் பிள்ளைக்கு மின்சாரம் மட்டுமே. ஹோட்டல் என்றால் இட்லிக் கடை. ஒலி பிரித்துப் படிப்பதும் பெல்ட்டுக்குச் சரியாக வரும். ஒன் (one), வாஸ் (was), செட் (said) போன்றவற்றில் கவிழ்த்துவிடும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த நோட்டு. இங்கிலீஷ் சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுத விடுகிறீர்களா? கிரிக்கெட் மட்டைக்கும் "பேட்", கெட்டது என்பதற்கும் "பேட்", பரீட்சை எழுத வைத்துக்கொள்ளும் அட்டைக்கும் "பேட்". தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. பிள்ளை அதைப் பார்த்துப் படித்தால் காது பழகவே பழகாது. முதலில் வாயால் சொல்லட்டும், எழுத்து பிறகு.

2022இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைத்தோம். ஒரே வகுப்பில் ஒருத்திக்கு பத்து சொல் சாதாரணம், இன்னொருத்திக்கு இரண்டே பாரம். எல்லோருக்கும் தினம் பத்து என்பது யார் கணக்கு?

பாலாறு72:
இப்படியே செல்லம் கொடுத்தால் ஐந்தாம் வகுப்பில் ஸ்பெல்லிங் என்ன ஆகும் என்று நானும் பார்க்கிறேன்.

ஒடுகத்தூர் அம்மா:
ஹோம் ஒர்க்கை நிறுத்த முடியாது, மிஸ் திட்டுவார். பத்தை எழுதி முடித்ததும் புளியங்கொட்டை ஆட்டம் என்று மூன்று நாளாக ஓட்டுகிறேன். இன்று நான் கேட்காமலே அவளாக ஒரு வாக்கியம் சொன்னாள்: "சீட் இஸ் அண்டர் டப்பா." சீட் என்று அவள் சொன்னது கொட்டையை.

பாலாறு72:
நல்லது. ஆனால் "தி" எங்கே போயிற்று?

லத்தேரி டியூஷன்:
சார், அதைத்தானே நான் முதலிலிருந்து கேட்கிறேன்!

பாலாறு72:
அதிருக்கட்டும். டப்பாவுக்கு இங்கிலீஷில் பாக்ஸ். அதை யார் சொல்லிக் கொடுப்பது?