பாட்டியின் வெள்ளிக்காசு: முகலாயர் காசா?

வில்லியனூர்க்காரன்: பாட்டி பெட்டியில் ஒரு வெள்ளிக்காசு, 11.3 கிராம், இரண்டு பக்கமும் பாரசீக எழுத்து, ஓரத்தில் பாதி எழுத்தைக் காணோம், யாரோ வெட்டிவிட்டார்களோ? டெல்லிக் காசு புதுச்சேரிக்கு எப்படி வந்தது?

முத்தியால்பேட்டை: பிறைக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நம்ம ஊரிலேயே அடித்த ஆற்காடு ரூபாய். 1736இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானிடம் அனுமதி வாங்கி பிரெஞ்சுக்காரர்கள் அடித்தது, பேர் மட்டும் டெல்லி முகலாய பாதுஷாவுடையது, பிரெஞ்சு லூயி ராஜா பேரைப் போட்டால் சந்தையில் எவன் வாங்குவான்! தாமரை என்றால் ஆங்கிலக் கம்பெனிக்காரன் அடித்தது.

வில்லியனூர்க்காரன்: பிறைதான் சார்! எந்த வருஷம்?

கடலூர் அண்ணன்: ‘ஜுலூஸ்’ (பட்டமேறியது) என்ற சொல் இருக்கிற பக்கத்து எண், பாதுஷா பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்பது. ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டு மறுபக்கம். அப்புறம், யாரும் வெட்டவில்லை தம்பி, காசைவிட அச்சு பெரிது, அதனால்தான் ஓரத்து எழுத்து பாதி விழவில்லை. புளி போட்டுத் தேய்த்துவிடாதே.