டிரிக்கர் மீன் லைவ் ராக்கைச் சரித்துக்கொண்டே இருக்கிறது
சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. 4 அடி கடல்நீர்த் தொட்டி, சுமார் 450 லிட்டர், வைத்து 8 மாதம் ஆகிறது. உள்ளே 40 கிலோ லைவ் ராக் (நீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியா வாழும் கடல் கல்), 15 செ.மீ. பிக்காசோ டிரிக்கர் ஒன்று, லயன் மீன் ஒன்று.

டிரிக்கர் வாயால் நீரைப் பீய்ச்சிக் கல்லுக்கு அடியில் மணலைத் தோண்டுகிறது. ஒரே மாதத்தில் அடுக்கு இரண்டு முறை சரிந்துவிட்டது, முன்கண்ணாடியில் கீறல் வேறு. எபாக்சி பசை வைத்துக் கற்களை ஒட்டினேன். நான்கே நாளில் பெயர்த்துவிட்டது. (கல்லைக் கவ்வி இழுப்பதைப் பார்க்க வேடிக்கைதான், இரவில் சத்தம் கேட்டால்தான் தூக்கம் போகிறது.) மணலைக் குறைத்தும் பயனில்லை. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 40ஐத் தாண்டுகிறது, அதனால் கல்லைக் குறைக்கப் பயம். மீனைக் கொடுத்துவிடும் எண்ணமும் இல்லை.

கல்லைத் துளையிட்டு அக்ரிலிக் கம்பியில் கோத்து, மணலில் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே நிறுத்தினால் இந்த மீனுக்குத் தாங்குமா?